தோழன் பிரிவு

வேலை கொடுக்கிற கம்பெனிகள் உண்டு, வேலை வாங்குகிற கம்பெனிகளும் உண்டு. இந்தக் கம்பெனி இரண்டையும் செய்யவில்லை. மற்ற கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது இதன் தொழில். ஆள் பிடிக்கிறோம் என்று வாசலில் எழுதிப் போட்டால் போலீஸ் விசாரிக்க வரும் என்பதால் ‘மனித ஆற்றல் தீர்வுகள்’ என்று கண்ணாடிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்கள். உள்ளே போனவர்களின் ஆற்றலைத் தீர்த்துத்தான் வெளியே அனுப்பினார்கள். ஆகவே அந்தப் பெயரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

கம்பெனி ஐந்தாவது மாடியில் இருந்தது. வரவேற்பறை சோபா, அதில் உட்கார்ந்தவர் எவரும் கௌரவமாக எழுந்திருக்க முடியாதபடி தாழ்ந்திருக்கும். அதைத் தாண்டினால் மூன்று கண்ணாடி அறைகள். நேர்மை, பரிவு, துணிவு என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நேர்மையில் ஏசி ஓடாது, அதனால் கால் உடைந்த நாற்காலிகளை அங்கே போட்டு வைத்திருந்தார்கள். யாரையாவது வேலையிலிருந்து நீக்குவதென்றால் பரிவுக்குக் கூப்பிடுவார்கள். துணிவில் காபி இயந்திரம் இருந்தது. அந்தக் காபியை ஒரு தடவை குடித்தவர்கள் அறைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதில்லை.

நம் கதாநாயகனுக்கு அங்கே ‘புதுசு’ என்று பெயர். அவனுக்கு முன்னால் புதுசாக இருந்தவர் ஓடிப் போய்விட்டதால் அந்தப் பெயர் காலியாக இருந்தது. அவன் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்காவின் கணவர், அதாவது மாமா, குழாய் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர். தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு, நேர்காணலுக்குப் போய்விட்டு வருவதே அவருக்கு உத்தியோகமாகிவிட்டது. தம்பிக்கு ஆள் எடுக்கும் கம்பெனியில் இடம் கிடைத்ததும் அக்கா இனிமேல் கவலையில்லை என்று நினைத்தாள். சமையல்காரன் வீட்டில் யாரும் பட்டினி கிடப்பார்களா என்பது அவள் கணக்கு. அந்தச் சமையல் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது.

முதல் நாளே அவனைத் தோழன் பிரிவில் போட்டார்கள். அதன் தலைவி டீம் லீடர் அம்மாள். காதில் மாட்டிய போனைக் கழற்றாமலே பேசுவார். தன்னிடம் பேசுகிறாரா, போனில் இருப்பவரிடம் பேசுகிறாரா என்று தெரியாமல் புதுசு இரண்டு தடவை தப்பான இடத்தில் தலையாட்டினான். பிறகுதான் விஷயம் அவனைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

“ஒரு வேலை காலியானா அதுக்கு யாருன்னு க்ளையன்ட் கம்பெனி முன்னாடியே முடிவு பண்ணியிருக்கும். யாரோட மருமகனாவது இருப்பான், யாரோட கூடப் படிச்சவனாவது இருப்பான். அவன்தான் மாப்பிள்ளை. ஆனா மூணு பேரைப் பார்த்துட்டுத்தான் ஒருத்தரை எடுக்கணும்னு அவங்க விதி இருக்கு. மீதி ரெண்டு பேருக்கு எங்க போவாங்க பாவம்? அந்த ரெண்டு பேரை நாம கொடுக்கறோம். அவங்கதான் தோழன்.”

தாங்கள் தோழன் என்று தோழர்களுக்குத் தெரியுமா என்று புதுசு கேட்டான். தெரிந்தால் எவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவான் என்று டீம் லீடர் திருப்பிக் கேட்டார்.

தோழனைத் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவன் மாப்பிள்ளையைவிட ஒரு பிடி குறைவாக இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால், கேலி செய்கிறோமா என்று க்ளையன்டுக்குக் கோபம் வரும். ஒரு பிடி கூடினால் கதை கந்தல். நல்ல ஸ்டோர்ஸ் ஆளை லாரி போக்குவரத்து வேலைக்கு அனுப்புவார்கள், நல்ல போக்குவரத்து ஆளை விற்பனை வேலைக்கு அனுப்புவார்கள். அவரவர் தொழிலுக்குப் பக்கத்துத் தொழிலாகப் பார்த்து அனுப்பினால் ஆள் முழு முட்டாளாகத் தெரியவும் மாட்டான், ஜெயிக்கவும் மாட்டான்.

மாப்பிள்ளையே சுத்த மக்காக இருந்தால் என்ன செய்வது என்று புதுசுக்குச் சந்தேகம் வந்தது. அப்போதுதான் நம் திறமை வெளியே தெரியும் என்றார் டீம் லீடர். ஒரு பெரிய கம்பெனியின் செய்தித் தொடர்பாளர் வேலைக்கு வந்த மாப்பிள்ளை நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறக்கவே மாட்டானாம். அவனுக்குத் தோழன் கிடைக்காமல் பிரிவே திணறிப் போயிருக்கிறது. கடைசியில் இரண்டு நல்ல பேச்சாளர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஊரில் எல்லோருக்கும் தொண்டை கட்டுகிற குளிர்காலம் வரும்வரை நேர்காணலைத் தள்ளிப் போட்டு ஜெயித்திருக்கிறார்கள். அந்தச் சாதனைக்காகக் கொடுத்த கேடயம் டீம் லீடர் மேஜைமேல் இருந்தது. அதன்மேல் அவர் கைக்குட்டையைக் காயப் போட்டிருந்தார்.

ஒவ்வொரு தோழனும் முறைப்படி தோற்று முடிந்ததும் நடு ஹாலில் தொங்கிய மணியை அடிப்பார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். டாய்லெட்டில் இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே தட்டலாம் என்று சலுகை உண்டு.

இதற்குப் பிறகுதான் இந்தப் பிரிவின் உண்மையான வேலை தொடங்கும். அதற்கு நம்பிக்கைப் பராமரிப்பு என்று பெயர். அதைப் பற்றிப் புதியவர்களுக்கு இயக்குநரே நேரில் வந்து வகுப்பு எடுத்தார். எந்த நேரமும் உருக்கமாக இருக்கிற முகம் அவருக்கு. மின்விசிறி போடச் சொன்னால்கூட இரங்கல் கூட்டத்தில் பேசுவது மாதிரி இருக்கும்.

“வேலை கிடைச்சவன் நமக்கு ஒரு தடவைதான் பிரயோஜனம். கிடைக்காதவன் ஆயுசுக்கும் பிரயோஜனம். அதனால அவன் மனசு உடையாம பார்த்துக்க வேண்டியது நம்ம கடமை. இதுல கருணையும் இருக்கு, வியாபாரமும் இருக்கு. மனசு உடைஞ்சவன் அடுத்த தடவை வரமாட்டான். அவனுக்குப் போன் பண்ணுங்க. புகழுங்க. கடைசியில ஒரே ஒரு குறை சொல்லுங்க. வேலை ஏன் கிடைக்கலைன்னு காரணம் தெரிஞ்சாத்தான் மனுஷன் நிம்மதியாத் தூங்குவான். அந்தக் குறையைத் திருத்திக்கிட்டு மறுபடி வருவான். வரட்டும். நாம இருக்கோம்.”

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

எந்தக் குறையைச் சொல்வது என்று ஒவ்வொருவரும் யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் வீணாகும் அல்லவா? அதனால் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, அந்த வாரத்துக் குறையை அதில் எழுதிவிடுவார்கள். ஒரு வாரம் ‘கண்ணைப் பார்த்துப் பேசவில்லை’ என்று இருக்கும். தோற்றவர்கள் எல்லோரும் கண்ணைப் பார்க்கப் பழகிக்கொண்டு வந்ததும் ‘கண்ணை ரொம்ப உற்றுப் பார்க்கிறார்’ என்று மாற்றுவார்கள். கைகுலுக்கலில் அழுத்தம் போதாது, பதிலில் அவசரம் தெரிகிறது என்று இப்படியே சுற்றிச் சுற்றி வரும். நேர்காணலுக்குக் கூப்பிடும்போதும் சரி, குறை சொல்லும்போதும் சரி, க்ளையன்ட் கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் போனில் பேசுவார்கள். தன்னை வெவ்வேறு கம்பெனிகள் ஆராய்ந்து பார்த்து வெவ்வேறு குறை கண்டதாகத் தோழன் நம்பிக்கொண்டிருப்பான். எல்லாம் ஒரே சுவரில் ஒரே பேனாவால் எழுதப்பட்டவை என்று அவனுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

புதுசு சேர்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அந்த வாரம் பலகையில் ‘சிரிப்பு சரியில்லை’ என்று இருந்தது. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது மாமா பீரோக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்தபடி மேற்பார்வை செய்துகொண்டிருந்தாள்.

“பல்லு இவ்வளவு தெரியக் கூடாது. கொஞ்சம் மூடுங்க. ஐயோ, இப்ப வயித்து வலின்னு நினைப்பாங்க.”

என்ன நடக்கிறது என்று புதுசு கேட்டான். அக்காதான் பதில் சொன்னாள். “போன வாரம் போன இடத்துல எல்லாமே பிரமாதமாம். சிரிப்பு மட்டும் சரியில்லையாம். நான்தான் எப்பவோ சொன்னேனே, இவருக்கு ஆளுங்களோட பழகவே தெரியாது.”

மாமா கண்ணாடியைப் பார்த்தபடியே, “அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு தம்பி. நான் பாத்துட்டேன், கொஞ்சம் கோணலாத்தான் வருது” என்றார்.

மறுநாள் புதுசு ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாமாவின் பெயரைத் தேடினான். மாமா இருந்தார். சும்மா ஒரு மூலையில் இல்லை, பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரத்தோடு இருந்தார். குறித்த நேரத்துக்கு வருவார், கேள்வி கேட்க மாட்டார், தோற்ற பிறகும் நன்றி சொல்லிவிட்டுப் போவார், எந்த மாப்பிள்ளைக்குப் பக்கத்திலும் பொருந்துவார் என்று குறிப்பு இருந்தது. பலகையில் இதுவரை எழுதிய குறைகளில் பாதிக்கு மேல் அவருக்குச் சொல்லியாகிவிட்டது. அக்கா இத்தனை வருஷமாக அவரிடம் சண்டை போட்டுத் திருத்திய குறைகளும் அவையேதான். கண்ணை உற்றுப் பார்க்கிறார் என்று சொன்ன வாரத்தில் மாமா வீட்டில் எல்லோரிடமும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்று அவனும் அக்காவோடு சேர்ந்து சிரித்திருந்தான்.

தன் மாமா என்று சொல்லாமல், அந்த ஆளை விட்டுவிடலாமே, வயதாகிறது என்று டீம் லீடரிடம் மெல்ல இழுத்துப் பார்த்தான். அவர் முதல் தடவையாகக் காதிலிருந்து போனைக் கழற்றினார். “நட்சத்திரத் தோழன்டா அவரு. இப்படி ஒருத்தரைத் தயார் பண்ண எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா?”

ஆகவே புதுசு ஒரு சதி செய்தான். பெரிய சதி ஒன்றுமில்லை. ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர் வேலை வந்தது. மாப்பிள்ளை அந்தக் கம்பெனித் துணைத் தலைவரின் மச்சான். தோழனாக யாரைப் போடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு புதுசிடம் வந்தபோது மாமாவைப் போட்டான். பக்கத்துத் தொழிலுக்கு அனுப்ப வேண்டிய ஆளைச் சொந்தத் தொழிலுக்கே அனுப்பினான், அவ்வளவுதான். தோழன் பிரிவில் இப்படி ஒரு காரியத்தை அதற்கு முன்னால் யாரும் செய்ததில்லை.

நேர்காணல் நடந்த அன்று மாமா வீட்டுக்கு நேரம் கழித்து வந்தார். முகமே வேறு மாதிரி இருந்தது. கேள்வி கேட்டவர்களில் ஒருவர் கிடங்கின் மேலாளர். எடுக்கிற ஆளோடு தினமும் மாரடிக்க வேண்டியவர் அவர்தான் என்பதால் அவருக்கு மட்டும் நிஜமான அக்கறை இருந்திருக்கிறது. ஈரம் பட்டால் கெட்டுப் போகிற சரக்கை எங்கே வைப்பீர்கள் என்று ஆரம்பித்து, இரண்டு பேரும் சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மச்சான் மாப்பிள்ளை கேட்டது ஒரே கேள்வியாம். கிடங்குக்கு வராமல் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள வசதி உண்டா என்று. கடைசியில் மேலாளர் மாமாவின் கையைப் பிடித்து, திங்கள்கிழமை வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

“கையைப் பிடிச்சு சொன்னாருடி. நான் சிரிக்கக்கூட மறந்துட்டேன்” என்று மாமா அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா அன்று எந்தக் குறையும் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். புதுசுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. யாரும் காபி குடிக்கவில்லை. பரிவில் அவசரக் கூட்டம். மணியின் நாக்கைத் துணியால் கட்டியிருந்தார்கள். இயக்குநர் உள்ளே வந்து நடுவில் நின்றார். அவருடைய முகத்துக்குப் பொருத்தமான சந்தர்ப்பம் அன்றுதான் வாய்த்தது.

“ஒரு தோழன் ஜெயிச்சுட்டான். நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா ஒண்ணு யோசிங்க. திறமை இருக்கறவனுக்கு வேலை கிடைக்கும்னு வெளியில ஒரு பேச்சு கிளம்பிட்டா, நாம எதுக்கு? நாளைக்கு எந்த மாப்பிள்ளை நம்மை நம்பி வருவான்? இத்தனை குடும்பங்கள் இந்தக் கம்பெனியை நம்பி இருக்கு. அந்த ஒருத்தர் சுயநலமா ஒரு நல்ல நேர்காணல் கொடுத்து எல்லார் வயித்திலயும் அடிச்சுட்டாரு.”

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பிறகு அவர் கூட்டத்துக்கு நடுவிலேயே அந்தத் துணைத் தலைவருக்குப் போன் போட்டு, எல்லோரும் கற்றுக்கொள்ளட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“சார், உங்க மேலாளர் அவசரப்பட்டுட்டாரு. அந்த ஆளை எங்களுக்கு நல்லாத் தெரியும். ஊர்ல அவரை வேண்டாம்னு சொல்லாத கம்பெனி இல்ல. ஒரு இடத்துல சிரிப்பு சரியில்லைன்னாங்க, ஒரு இடத்துல பார்வை சரியில்லைன்னாங்க, கைகுலுக்கறது சரியில்லைன்னாங்க. எல்லாம் எங்ககிட்ட பதிவா இருக்கு. இத்தனை பேர் வேண்டாம்னு சொன்ன ஒருத்தரை நீங்க எடுக்கலாமா?”

அந்தப் பக்கம் துணைத் தலைவர் பதறிப் போனார். நல்லவேளை சொன்னீர்கள் என்றார். தன் மச்சானிடம் அப்படி ஒரு குறைகூட யாரும் சொன்னதில்லை என்று பெருமையாகச் சொன்னார். மச்சான் அதற்கு முன்னால் எந்த நேர்காணலுக்கும் போனதில்லை என்பதால் அதுவும் உண்மைதான். வேலை அங்கேயே கை மாறியது. மணியின் நாக்கை அவிழ்த்துவிட்டார்கள்.

புதுசு எழுந்து நின்றான். “சார், வேண்டாம்னு சொன்னது எல்லாம் நாமதானே? சிரிப்பு சரியில்லைன்னு நாமதானே பலகையில எழுதினோம்?”

“அதனாலதான் தம்பி நம்ம வார்த்தைக்கு மதிப்பு. வேற யாருக்கு அவரைப் பத்தி இவ்வளவு தெரியும்?”

“அவரு எங்க மாமா சார்.”

டீம் லீடர் அவனைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார், ஏனென்றால் பரிவில் இருந்து ஆட்கள் வெளியே போகிற வழி அது. ஆனால் இயக்குநர் எழுந்து வந்து புதுசைக் கட்டிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

“எல்லாரும் பாருங்க. சொந்த மாமாவையே கம்பெனிக்குக் கொடுத்திருக்கான். நம்பிக்கைப் பராமரிப்பை வெளியாள் போன்ல பண்றதுக்கும், வீட்டு ஆள் சாப்பிடும்போது பக்கத்துல உக்காந்து பண்றதுக்கும் எவ்வளவு வித்தியாசம்? இது நமக்கு ஏன் தோணாமப் போச்சு?”

வீட்டுக்கொரு தோழன் திட்டம் அந்த நிமிஷமே பிறந்தது. ஒவ்வொரு ஊழியரும் வேலை தேடிக்கொண்டிருக்கிற ஒரு நெருங்கிய உறவினரைத் தோழனாகக் கொண்டுவர வேண்டும். கூடப் பிறந்தவர்கள் என்றால் சிறப்பு. முதல் கேடயம் புதுசுக்கு என்று அறிவித்தார்கள். வரவேற்பறைப் பெண் உடனே கையைத் தூக்கி, என் அண்ணன் இருக்கிறான் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். புதுசு நடந்து வெளியே வந்து, படியிறங்கி, பட்டப்பகலில் வீட்டுக்குப் போனான். அவன் போனதை யாரும் கவனிக்கவில்லை, அவனைப் பாராட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

வீட்டில் மாமா திங்கள்கிழமைக்காக ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். புதுசு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மாப்பிள்ளை, தோழன், பலகை, நட்சத்திரம், காலையில் நடந்தது, ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டான். அடுப்படியிலிருந்து வந்த அக்கா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

மாமா கோபப்படுவார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் பிரஷைக் கீழே வைத்தார். பிறகு விசாரிக்க ஆரம்பித்தார். லாரிக் கம்பெனியில் பதில் அவசரமாக வருகிறது என்றார்களே, அது? அது அந்த வாரத்துக் குறை மாமா. பெயின்ட் கம்பெனியில் குரல் சின்னது என்றார்களே? அதுவும்தான். கண்? கை? எல்லாம்தான் மாமா.

“இத்தனை வருஷமும் நான் ஒரு சரியான மனுஷனைத்தான் உக்காந்து திருத்திக்கிட்டிருந்தேனாடா?” என்று அக்கா கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. மாமா அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தாங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது மாமாவின் போன் அடித்தது. மொத்த வியாபாரக் கம்பெனியின் பெயரைச் சொன்ன குரல் டீம் லீடருடையது. புதுசு பிடுங்கப் போனான். மாமா கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, எல்லோரும் கேட்கும்படி போனைத் தரையில் வைத்தார். அருமையான நேர்காணல் என்றார் டீம் லீடர். இப்படி ஒரு அனுபவசாலியைப் பார்த்ததே இல்லை என்று எல்லோரும் வியந்ததாகச் சொன்னார். கடைசி நேரத்தில் ஒரே ஒரு சின்னக் குறை மட்டும், என்று இழுத்தார்.

“அது இருக்கட்டும்மா. நான் ஒண்ணு கேக்கறேன். அந்த வேலை எனக்குத் தெரியுமா, தெரியாதா?”

புகழ்வதற்கும் குறை சொல்வதற்கும் நம்பிக்கை கொடுப்பதற்கும் அந்த அம்மாளிடம் வார்த்தை இருந்தது. இதற்கு எழுதி வைத்திருக்கவில்லை. போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் ஹாலில் யாரோ கைதட்டினார்கள். மாமா பொறுமையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மாமா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

“தெரியாதுன்னு சொல்லலை, பாத்தியா?” என்றார்.